லண்டனைச் சுற்றிக்கொண்டு டோக்கியோவுக்கு

மொழி கற்றுத்தரும் செயலிகளைச் செய்கிற எல்லோருக்கும் மியான்மரின் யாங்கூனிலிருந்து வணக்கம்.

உங்களில் அமெரிக்காவில் இருப்பவர்கள் உண்டு, பெர்லினில் இருப்பவர்கள் உண்டு, பெங்களூரிலும் சென்னையிலும் இருப்பவர்களும் உண்டு. எந்தச் செயலியையும் தனியாகக் குறை சொல்லப் போவதில்லை, எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதுகிறேன். நான் யாங்கூனில் போன் விற்று, பழுது பார்த்துப் பிழைக்கிற தமிழன். உங்கள் செயலிகளை என் கையால் ஏற்றிக்கொடுத்த போன்களுக்குக் கணக்கில்லை. அதே கையால் அழித்துக் கொடுத்ததும் நிறைய. "அண்ணே, போன்ல இடம் பத்தல, எதையாவது தூக்குங்க" என்று பிள்ளைகள் நீட்டும்போது விளையாட்டைத் தூக்கச் சொல்வதில்லை, ஃபேஸ்புக்கைத் தூக்கச் சொல்வதில்லை. முதலில் போவது நீங்கள் செய்ததுதான்.

அது ஏன் போகிறது என்று உங்களுக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அழிக்கிறவர் கடிதம் எழுதுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: எங்கள் பிள்ளைகளுக்கு ஜப்பான் மொழியையும் கொரிய மொழியையும் ஆங்கிலம் வழியாகக் கற்றுத்தராதீர்கள். பர்மிய மொழி வழியாகக் கற்றுத்தாருங்கள். தமிழ் வழியாகவும் தந்தால் இன்னும் நல்லது.

இங்கே இப்போது எந்த வீட்டில் கேட்டாலும் யாராவது ஒருவர் ஏதோ ஒரு வெளிநாட்டு மொழி படித்துக்கொண்டிருக்கிறார். காரணம் செய்தி பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் விளக்கப் போவதில்லை. ஜப்பானுக்குப் போக நினைக்கிறவர்கள் 2019 ஏப்ரலில் அந்த நாடு கொண்டுவந்த திறன் பணியாளர் விசாவைப் பார்க்கிறார்கள். அதற்கு ஜேஎல்பிடி என்கிற ஜப்பான் மொழித் தேர்வில் என்4 என்கிற தொடக்க நிலை தேற வேண்டும், இல்லையென்றால் ஜேஎஃப்டி பேசிக் என்கிற கணினித் தேர்வில் 250க்கு 200 எடுக்க வேண்டும். முதியோர் பராமரிப்பு வேலை என்றால் அந்த வேலைக்கான மொழித் தேர்வு தனியாக ஒன்று. கொரியாவுக்கு இபிஎஸ் டோபிக் என்கிற கொரிய மொழித் தேர்வு. காசு இருக்கிறவர் வகுப்பில் சேருகிறார், இல்லாதவருக்குப் போன்தான் வாத்தியார். வகுப்புக்குப் போகிறவரும் ராத்திரி வந்து போனைத்தான் திறக்கிறார்.

இந்த நாட்டில் பெரும்பாலோர் கணினியைத் தொடாமலே நேராகப் போனுக்கு வந்தவர்கள். 2014இல் டெலினோர், ஊரிடூ என்கிற வெளிநாட்டுப் போன் நிறுவனங்கள் கடை விரித்து, சிம் கார்டு எங்கள் பணத்தில் 1,500 கியாட்டுக்குக் கிடைத்தபோதுதான் இணையம் எங்கள் தெருவுக்கு வந்தது. அதற்கு முன் சிம் வாங்குவது என்றால் நிலம் வாங்குகிற மாதிரிப் பேசுவார்கள். அப்படி வந்த ஊருக்குப் போனில் பாடம் சொல்லித்தருகிறவர் சாதாரண ஆள் இல்லை. உங்கள் கையில் இருப்பது என்ன என்று உங்களுக்கே முழுதாகத் தெரியுமா என்பது என் சந்தேகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடைக்கு அடிக்கடி வருகிற தமிழ்ப் பெண் ஒருத்தி, பத்தாவது முடித்தவள். போனுக்குக் கண்ணாடி மாற்றக் கொடுத்துவிட்டு, அம்மாவின் போனில் ஜப்பான் பாடம் போட்டுக்கொண்டிருந்தாள். செயலி ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னது. 'தபேதே மிமாஷிதா.' அவள் யோசிக்கவே இல்லை. "சாப்பிட்டுப் பார்த்தேன்" என்று வாய்விட்டுச் சொன்னாள். அச்சு அசலாக அதேதான் அர்த்தம். அப்புறம் அதை ஆங்கிலமாக்கி, சாப்பிட்டேன், பார்த்தேன் என்று வருகிற மாதிரி ஏதோ தட்டினாள். சிவப்புக் கோடு விழுந்தது, ஓர் உயிர் போனது. தப்புக்கு ஒன்றாகக் கழிக்கிற ஐந்து உயிரில் அது கடைசி. இனி நாளைக்குத்தான், இல்லையென்றால் காசு கட்டு என்றது செயலி.

நடந்ததைப் பாருங்கள். அவளுக்கு ஜப்பான் மொழி புரிந்தது, ஆங்கிலம் வரவில்லை. ஜப்பான் மொழிப் பாடத்தில் ஆங்கிலத்துக்காக ஃபெயில் போட்டு அனுப்பினீர்கள்.

அந்த வாக்கியம் அவளுக்கு ஏன் அவ்வளவு சுலபமாகப் புரிந்தது என்பதில்தான் நான் சொல்லவருகிற சங்கதி முழுக்க இருக்கிறது. ஒன்றை முயன்று பார்ப்பதை நாம் 'பார்' என்ற வினையைச் சேர்த்துச் சொல்கிறோம்: சாப்பிட்டுப் பார், கேட்டுப் பார், போட்டுப் பார். ஜப்பானியரும் அப்படித்தான். 'தபேதே' என்றால் சாப்பிட்டு, 'மிரு' என்றால் பார். பர்மியரும் அப்படித்தான். 'சா' என்றால் சாப்பிடு, 'ச்சி' என்றால் பார், இரண்டையும் சேர்த்தால் சாப்பிட்டுப் பார். கொரியரும் அப்படியே: 'மொகோ போதா', அதில் 'போதா' என்பது பார்ப்பது. நாலு நாட்டுக்காரர் சாப்பிட்டுப் பார்க்கிறார்கள். நடுவில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்ததும் அது இலக்கணக் குறிப்பாகி, அரைப் பக்க விளக்கமாகி, புரியாத பாடமாகிவிடுகிறது.

இது ஏதோ ஓர் இடத்தில் தற்செயலாக அமைந்த ஒற்றுமை இல்லை. யாங்கூனிலிருந்து வந்தேன் என்று நாம் சொல்வதை ஜப்பானில் 'யாங்கோன் கரா கிமாஷிதா' என்பார்கள். ஊர் முதலில், 'இருந்து' அதன் பின்னால், வந்தது கடைசியில். பர்மிய மொழியில் 'யாங்கோன் கா லாதெ', அதே வரிசை. கொரிய மொழியில் 'யாங்கோனெசோ வாஸ்ஸோயோ', அதுவும் அதே வரிசை. நான் என்கிற சொல் இந்த நாலிலும் தேவைப்படவில்லை, சொல்லாமலே விளங்குகிறது. கேள்வியாக்க வேண்டுமா? நாம் கடைசியில் ஓர் 'ஆ' போடுகிறோம், ஜப்பானியர் 'கா' போடுகிறார்கள், பர்மியர் 'லா' போடுகிறார்கள். வாக்கியத்தின் வரிசையை அசைக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இதையெல்லாம் தலைகீழாகப் புரட்ட வேண்டும். உங்கள் செயலிகள் இதை முதல்முறை பார்க்கிற ஆளுக்குச் சொல்வதுபோல, வினை கடைசியில் வரும், பயப்படாதீர்கள் என்று பாடம் பாடமாக ஆறுதல் சொல்கின்றன. எங்கள் பிள்ளைகள் பயப்படவே இல்லையே! பிறந்ததிலிருந்து வினையைக் கடைசியில் வைத்துத்தான் பேசுகிறார்கள், வீட்டில் தமிழிலும் தெருவில் பர்மிய மொழியிலும்.

இன்னும் இருக்கிறது. 'வாங்கி வை' என்கிறோம் அல்லவா, பின்னால் உதவும் என்று ஒன்றைச் செய்து வைப்பதற்கு? ஜப்பான் மொழியில் 'ஓகு' என்ற வினை அந்த வேலையைச் செய்கிறது, அதற்கும் பொருள் வைப்பதுதான். செய்து முடித்துவிட்டதற்கு நமக்கு 'விடு', அவர்களுக்கு 'ஷிமாவு'. எனக்குப் பிடிக்கும், எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும் என்று நாம் சொல்கிற இடங்களில் அவர்கள் வாக்கியமும் ஏறக்குறைய அப்படித்தான் போகிறது. 'நான் விரும்புகிறேன்' என்று ஆளைத் தூக்கி முன்னால் நிறுத்துகிற ஆங்கில வழியில் போய், அங்கிருந்து திரும்பி வரவேண்டிய அவசியமே இல்லை. யாங்கூனிலிருந்து டோக்கியோவுக்குப் போகிறவனை லண்டனைச் சுற்றிக்கொண்டு வா என்று அனுப்புகிறீர்கள்.

தமிழுக்கும் ஜப்பான் மொழிக்கும் ரத்த உறவு என்று ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் நெடுங்காலம் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எனக்கு அந்த வழக்கில் வேலை இல்லை. பர்மிய மொழி ஒரு குடும்பம், தமிழ் ஒரு குடும்பம், ஜப்பான் மொழி வேறொரு குடும்பம், இருந்துவிட்டுப் போகட்டும். வாக்கியம் ஒரே வரிசையில் நிற்கிறது என்பது போதும் எனக்கு. பாடம் எழுதுகிற உங்களுக்கும் அதுவே போதும்.

ஏன் தமிழ் மட்டும் கேட்காமல் பர்மிய மொழியை முதலில் கேட்கிறேன் என்று சென்னையில் இருக்கிற நண்பர்கள் கேட்பார்கள். எங்கள் கதை அப்படி. 1960களில் கடைகளும் பள்ளிக்கூடங்களும் அரசுடைமை ஆனபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் இங்கிருந்து கிளம்பினார்கள், தமிழர்கள் கப்பலேறி மதராஸ் போய் இறங்கினார்கள். சென்னை பர்மா பஜார் அவர்கள் போட்ட கடைதான். தங்கிப்போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பர்மிய மொழியில்தான் படித்தார்கள். தமிழ் எங்களுக்கு வீட்டில் பேச்சு, கோவிலில் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்து. கடைக்கு வருகிற பிள்ளைகள் என்னோடு தமிழில் பேசிக்கொண்டே விரலால் பர்மிய எழுத்தில் தட்டுவார்கள். பேச்சுத் தமிழ் தண்ணீர் மாதிரி ஓடும், அச்சுத் தமிழைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டுவார்கள். ஆகவே பர்மிய எழுத்தில் விளக்கம், கூடவே காதுக்குத் தமிழ் என்று தந்தால் எங்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. எங்களுக்கு மட்டும் என்று கேட்டால் நீங்கள் ஆள் எண்ணிப் பார்த்துச் சிரிப்பீர்கள். பர்மிய மொழி மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்களின் தாய்மொழி, அதனால் இது எங்கள் சிறு கூட்டத்துக்காக மட்டும் கேட்கிற கோரிக்கை இல்லை.

முன்பு இதற்கு ஒரு காரணம் சொல்வார்கள்: பர்மிய எழுத்து போனில் ஒழுங்காக வராது. அது உண்மையாகவே இருந்தது, நானே பட்டிருக்கிறேன். ஜோஜி என்று ஒரு எழுத்துரு, யூனிகோடு என்று இன்னொரு முறை. ஒன்றில் எழுதியதை மற்றதில் திறந்தால் கொம்பும் சுழியும் இடம் மாறி ஒரே குப்பையாகத் தெரியும். புதுப் போன் வாங்குகிறவர் விலை கேட்கும் முன்னே "இதுல ஜோஜி போட்டுத் தருவீங்களா" என்று கேட்ட காலம் அது. 2019 அக்டோபர் 1ஆம் தேதியை நாடு முழுக்க யூனிகோடுக்கு மாறும் நாளாக அறிவித்தார்கள். இழுபறியாக இருந்தாலும் மாறிவிட்டது. இப்போது கடைக்கு ஜோஜி கேட்டு வருகிறவர் எப்போதாவது ஒரு தாத்தாதான். அந்தக் காரணம் தீர்ந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது.

ஆள் இல்லை, காலம் பிடிக்கும் என்பதும் இனி எடுபடாது. டுவோலிங்கோ என்கிற மொழிச் செயலி 2018இல், திரைப்படத்துக்காக உருவாக்கிய கிளிங்கன் மொழிக்கே பாடம் போட்டது. 2025 ஏப்ரலில் ஒரே வீச்சில் 148 புதிய பாடத்திட்டங்களை அறிவித்தது, அதில் செயற்கை நுண்ணறிவின் கை பெரிது. அந்த வரிசையிலும் பர்மிய மொழி இல்லை. ஜப்பான் மொழியை வெளிநாடுகளில் பரப்புகிற ஜப்பான் அறக்கட்டளையோ தன்னுடைய இலவசப் பாடநூலைப் பர்மிய விளக்கத்தோடு எப்போதோ இணையத்தில் வைத்துவிட்டது. அப்படியானால் முடியாத காரியம் இல்லை, யாரும் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

செயற்கை நுண்ணறிவு என்றதும் ஒரு பயமும் வருகிறது. ஆங்கில விளக்கத்தை அப்படியே இயந்திரத்தில் போட்டுப் பர்மிய மொழியிலோ தமிழிலோ எடுத்து ஒட்டிவிடாதீர்கள். உங்களில் சிலர் தமிழ் வழிப் பாடங்களைத் தொடங்கியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் 'வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் இடம்பெறும் என்பதைக் கவனத்தில் கொள்க' என்று ஒரு தமிழனுக்குத் தமிழில் சொல்வதற்கு எதற்கு ஒரு பாடம்? அதைத் தூக்கி எறிந்துவிட்டு, உண்மையில் இடிக்கிற இடங்களில் நில்லுங்கள். எங்களுக்கு இடிப்பது சீனத்திலிருந்து ஜப்பானியர் எடுத்துக்கொண்ட கான்ஜி எழுத்து, பொருளுக்குப் பொருள் மாறுகிற எண்ணுச் சொற்கள், யாரிடம் எவ்வளவு பணிவு என்கிற கணக்கு. பணிவு என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லவேண்டாம், நீ, நீங்கள் எங்களுக்கும் தெரியும். பர்மிய மொழியில் நான் என்று சொல்லவே ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல். எந்தப் படியில் எந்தச் சொல் என்பதை மட்டும் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள்.

எந்த மொழி வழியாகக் கற்றுத்தருகிறீர்களோ அந்த வழிமொழி மாறினால் பாடத்தில் வருகிற ஆளும் மாற வேண்டும், இதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. ஆங்கிலம் பேசுகிறவர் ஜப்பானுக்குச் சுற்றுலா போகிறார். அதனால் உங்கள் பாடம் சுஷி கேட்கிறது, ஓட்டலில் அறை கேட்கிறது, கோவிலைப் படம் எடுக்கலாமா என்று கேட்கிறது. எங்கள் பிள்ளை வேலைக்குப் போகிறது. முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைக்கப்போகிற பெண்ணுக்கு முதல் வாரத்தில் வேண்டியது 'இதாய் தெஸ் கா', வலிக்கிறதா என்பது. தண்ணீர் குடிக்கிறீர்களா, மெதுவாக, என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள், மாத்திரை போட்டாயிற்றா. தொழிற்சாலைக்குப் போகிறவனுக்கு, நிறுத்து, தொடாதே, ஆபத்து. சம்பளச் சீட்டில் எது பிடித்தம் என்று படிக்கத் தெரிய வேண்டும். சுஷியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காசு விஷயம் சுருக்கமாக. எங்களில் பெரும்பாலோரிடம் விசா மாதிரியான வங்கி அட்டை கிடையாது. போனில் பணம் கட்டுகிற கேபிஇசட் பேயும் வேவ் பேயும்தான் பெரும்பாலோர் கையில். கட்டத் தயாராக இருக்கிறவரும் உங்கள் கடையில் கட்ட வழியில்லை. போதாததற்கு 2021 தொடக்கத்தில் டாலர் 1,300 கியாட் சொச்சம், 2024இல் வெளிச் சந்தையில் 4,000ஐயும் தாண்டியது. அமெரிக்காவுக்கு வைத்த சந்தாவை இங்கே அப்படியே வைத்தால் அது சந்தா இல்லை, சம்பளத்தில் ஒரு பங்கு.

அப்புறம் அந்தத் தொடர் நாள் கணக்கு. தினமும் வந்தால் தீ எரிகிறது, ஒரு நாள் விட்டால் அணைகிறது. சோம்பேறிக்கு அது நல்ல மருந்தாக இருக்கலாம். இங்கே மின்சாரம் முறை வைத்து வருகிறது. வருகிற நேரத்தில் தண்ணீர் ஏற்ற வேண்டும், சோறு வடிக்க வேண்டும், பேட்டரியை ஏற்ற வேண்டும். என் கடையிலேயே காசு வாங்கிப் போன் சார்ஜ் போட்டுத் தருகிறோம். 2025 மார்ச் 28ஆம் தேதி மாந்தலே பக்கம் 7.7 அளவில் பூமி ஆடியபோது அங்கே எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் வீட்டுக்கு வெளியே பாயைப் போட்டுக் கிடந்தான். போனுக்குச் சார்ஜும் இல்லை, டவரும் இல்லை. ஒருவழியாகப் போன் உயிர் பெற்றதும் வீட்டார் செய்திகளுக்கு நடுவே மொழிச் செயலியும் ஒன்று அனுப்பியிருந்தது: பாடத்தை மறந்துவிட்டீர்களா, உங்களைக் காணாமல் வருத்தமாக இருக்கிறோம், அழுகிற முகத்தோடு. அவன் கோபப்படவில்லை, சிரித்தான். சிரித்துவிட்டு அழித்துவிட்டான். நாட்டின் பாதியில் கரண்ட் இல்லை என்று தெரிந்துகொள்ள உங்களிடம் இல்லாத கருவியா? குறைந்தபட்சம் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமல் படிக்கிற வசதியைக் காசு கட்டாதவருக்கும் கொடுங்கள், நாள் கணக்கை வாரக் கணக்காக்குங்கள். இவை சின்ன வேலைகள்.

பெரிய வேலை வழிமொழிதான். அதற்கு நான் சொல்லக்கூடிய யோசனை: முழுப் பாடத்திட்டமும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். என்4 வரைக்கும் மட்டும், பர்மிய வழியில், ஜப்பான் மொழி ஒன்றுக்கு மட்டும் செய்து பாருங்கள். கேள்விக்கு விடையைப் பர்மிய எழுத்தில் தட்டவும், தமிழில் வாயால் சொல்லவும் விடுங்கள், 'சாப்பிட்டுப் பார்த்தேன்' என்று சொன்னால் சரி என்று பச்சைக் கோடு போடுங்கள். எழுத இங்கேயே ஆள் இருக்கிறார்கள். ஜப்பானில் ஐந்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள், கொரியாவிலிருந்து வந்து டீக்கடை வைத்தவர்கள், கோவில் வகுப்பில் தமிழ் சொல்லித்தருகிற அக்காமார்கள். அவர்களுக்கு நியாயமான சம்பளம் கொடுங்கள், தன்னார்வம் என்று சொல்லி இலவசமாக வாங்காதீர்கள். சோதித்துப் பார்க்கப் பழைய போன் வேண்டுமென்றால் அதற்கு என் கடையில் பஞ்சமில்லை. 2 ஜிபி நினைவகம், கீறல் விழுந்த திரை, பாதி செத்த பேட்டரி, எல்லா வகையும் இருக்கிறது. அதில் ஓடினால் எங்கேயும் ஓடும். அரைகுறைப் பதிப்பாக இருந்தாலும் அனுப்புங்கள், வருகிற பிள்ளைகளிடம் கொடுத்து, எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள் என்று எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
யாங்கூனில் ஒரு போன் கடைக்காரன்